நன்றி சொல்லக் கூடாத மரம்

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 10, 1957

அன்புள்ள டெல்ஃபியா அண்ணிக்கு,

ஜெனிவா எழுதுவது. நானும் கார்லும் இங்கே சுகம். நீங்களும் எஸ்டில் அண்ணனும் என் வாண்டாவும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் முழங்கால் வலி பரவாயில்லையா? வாண்டாவுக்கு இருமல் நின்றதா?

புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வேலை முடிந்து வரும்போது இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். வீடு கட்ட வந்தவர்கள் இயந்திரத்தை விட்டு மேட்டையும் மரத்தையும் ஒன்றாக வழித்துத் தள்ளிவிட்டார்கள். தெருவில் நிழலுக்கு ஒரு குச்சி இல்லை. கார்ல் புல் விதைத்திருக்கிறார். தினமும் காலையில் காபியோடு போய் அந்தப் புல்லைப் பார்க்கிறார். அதே பார்வையில் என்னைப் பார்த்திருந்தால் நான் ஆறு மாதம் முன்னாடியே கல்யாணத்துக்குச் சம்மதித்திருப்பேன்.

சமையலறை ஜன்னலுக்கு நேரே வெறும் வானம்தான் தெரிகிறது. நம் பக்கத்துச் சரிவில் இந்நேரம் செம்மொட்டு மரமெல்லாம் அரும்பு கட்டியிருக்கும், இல்லையா? அடுத்த மாதம் எஸ்டில் அண்ணன் யாருடைய வீட்டுச் சாமானையோ ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் லாரியில் வருகிறாராமே. வரும்போது ஒரு செம்மொட்டுக் கன்று கொண்டுவர முடியுமா? முழங்கால் உயரம் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் புல்லையும் வானத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஜூனில் பள்ளி முடிந்ததும் வாண்டாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அவளுடைய அறைக்கு கார்ல் மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே.

எல்லோருக்கும் என் அன்பு.
ஜெனிவா


பைன் ஓடை, கென்டக்கி
மார்ச் 29, 1957

ஜெனிவாவுக்கு,

உன் கடிதம் சேர்ந்தது. எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது, அந்த மட்டுக்கும் உபயோகம். எஸ்டிலுக்குச் சுரங்கத்துத் தூசி இருமல் விடவில்லை. வாண்டாவுக்கு இருமல் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை.

முழங்கால் உயரக் கன்று எதற்கு? அது பூக்க நாலைந்து வருஷம் ஆகும். நீரூற்றுப் பாதையில் என் தலைக்கு மேல் வளர்ந்த மரம் ஒன்று இருக்கிறது. அதைத் தோண்டச் சொல்லியிருக்கிறேன். எஸ்டில் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். செம்மொட்டுக் குளிர் என்று ஒரு குளிர் வருமே, அது கழியாமல் எதையும் நடக்கூடாது. கழிந்ததும் ஏற்றி அனுப்புகிறேன். குழியை அகலமாகத் தோண்டச் சொல், ஆழமாக வேண்டாம். காலைவெயில் படட்டும், மதியத்தில் வீட்டு நிழல் விழட்டும். தண்ணீர் தேங்குகிற இடம் ஆகாது.

முக்கியமான விஷயம். நம் பழக்கத்தை நகரத்தில் மறந்திருப்பாய். வேர் பிடிக்க வேண்டிய எதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பட்டுப்போகும். கார்லிடம் சொல்லி வை. அவர் ஊர்க்காரர்கள் கதவைத் திறந்துவிட்டாலே மூன்று தடவை நன்றி சொல்வார்கள்.

வாண்டா விஷயம். என் தம்பி ஹோபர்ட் மேல் சுரங்கக் கூரை விழுந்து அவன் போனபோது அவளுக்கு மூன்று வயது. நீ ஆலை வேலைக்குப் போனபோது அவளை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாய். இப்போது ஏழு. எனக்குப் பிள்ளை இல்லை என்பதை ஊரே மறந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஆனால் பெற்றவள் நீ. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த வருஷ ஈஸ்டர் வரை பார்ப்போம். அதற்குள் அவளுக்கு அந்த வீடு ஒட்டவில்லையென்றால் என்னிடம் திருப்பி அனுப்ப வேண்டும். இதை எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் போடு.

மரம் பெரிதாகத்தான் வரும். பூவோடு வரும். அவள் வந்து இறங்கும்போது தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே இருக்கட்டும்.

டெல்ஃபியா


பைன் ஓடை
மே 6, 1957

ஜெனிவாவுக்கு,

சுகம். சுகமில்லாமல் போனது உன் வீட்டுக்காரரின் அட்டையைப் பார்த்த பிறகுதான்.

ஈஸ்டர் வரை என்று ஒப்புக்கொண்டு நீ எழுதியது வந்தது. அதை பைபிளில் வைத்திருக்கிறேன். அதற்கு மறுநாளே தபால்காரர் இன்னொன்று கொடுத்தார். ஓரத்தில் பொன்வண்ணம் பூசிய அட்டை. "மதிப்பிற்குரிய திருமதி டெல்ஃபியா, திரு. எஸ்டில் அவர்களுக்கு: தாங்கள் அன்புடன் அனுப்பிய அழகிய மரத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றியும், மீண்டும் நன்றியும்." ஒரு தடவை போதாதென்று மீண்டுமாம்! எஸ்டில் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த மனுஷன் நல்லவரு. என்னை உக்கார வச்சு, புளிச்ச முட்டைக்கோஸு போட்டு, அதை நான் தின்னதுக்கும் நன்றின்னாரு. நான் என்ன பண்ண?" என்கிறார்.

அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். பழிக்குப் பரிகாரம் என்று இங்கே சிலர் கன்றைத் திட்டச் சொல்வார்கள். கார்லைப் போய் மரத்தடியில் நின்று நாலு வார்த்தை வையச் சொல். அவருக்கு வைய வராது என்று நினைக்கிறேன். நீ கற்றுக்கொடு, உனக்கு நன்றாக வரும்.

கோபமில்லை. ஹோபர்ட் போனாலும் நீ எனக்குத் தம்பி பெண்டாட்டிதான். ஆகவே அந்த மனிதரும் எனக்குத் தம்பிதான். அடுத்த தடவை முட்டாள்தனம் செய்வதற்கு முன்னால் அக்காவிடம் கேட்கச் சொல்.

வாண்டாவின் துணிகளை மடிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

டெல்ஃபியா


டேட்டன்
ஜூன் 23, 1957

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் வாண்டாவுக்கு வாந்தி ஏதும் இல்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த பிஸ்கட்டும் பன்றி இறைச்சியும் சின்சினாட்டி வரை வந்தது. அண்ணனின் இருமலுக்கு வெங்காயச் சாறு கொடுக்கிறீர்களா?

உள்ளதை எழுதுகிறேன். முதல் வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் செய்த சோள ரொட்டியைக் கடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். அண்ணி, பெற்றவளை "நீங்க" என்கிறாள். உங்களை வாய் நிறைய "நீ" என்று கூப்பிட்ட பிள்ளை. விருந்தாளி போலத் தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். "ஏண்டி, அம்மா கழுவ மாட்டேனா?" என்றால், "பரவாயில்லைங்க" என்கிறாள். அன்று ராத்திரி நான் கார்ல் தூங்கிய பிறகு அழுதேன்.

மரத்தடிக்கு மட்டும் தானாகப் போகிறாள். நீங்கள் சொன்னபடி தெரிந்த முகம்தான். அண்ணன் நட்டபோது இருந்த பூவெல்லாம் உதிர்ந்து, இலை விட்டிருக்கிறது. இலை ஊரில் இருந்ததைவிடச் சிறிதுதான். அதனடியில் உட்கார்ந்து கார்லிடம் கேட்டிருக்கிறாள்: "பேரு செம்மொட்டு, பூ மட்டும் ஏன் ஊதா ரோஸு?" "உங்க அத்தையைத்தான் கேக்கணும்" என்றாராம். அவர் சொன்ன பதில்களில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. சாயங்காலம் அவருக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தாள்.

அவள் மஞ்சள் அறையில் தூங்குகிறாள். நான் கதவருகே நின்று பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது, எழுதவில்லை.

உங்கள் ஜெனிவா


பைன் ஓடை
ஜூலை 14, 1957

ஜெனிவாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் அதிகம். பீன்ஸ் காய்த்துக் கொட்டுகிறது, பறிக்க ஆள் இல்லை.

மூன்று பக்கம் எழுதியிருந்தாய். பஸ், பிஸ்கட், செருப்பு எல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷம்.

மரம் எப்படி இருக்கிறது? இலை விரிந்து இருக்கிறதா, கைபோல மூடிக்கொள்கிறதா? தண்ணீர் தேங்குகிறதா? நுனிக்கிளையை நகத்தால் கீறிப் பார், உள்ளே பச்சை தெரிய வேண்டும். மரத்தைப் பற்றி மறக்காமல் எழுது.

டெல்ஃபியா


டேட்டன்
ஆகஸ்ட் 30, 1957

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். வாண்டாவுக்கு அடுத்த வாரம் பள்ளி. புதுச் சட்டை தைத்திருக்கிறேன், நீலத்தில். கார்ல் அவளுக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுக்கிறார்.

மரம் இருக்கிறது. இந்த வெயிலில் எல்லா மரமும் கொஞ்சம் வாடத்தானே செய்யும்.

அண்ணனுக்கு என் அன்பு.
ஜெனிவா


டேட்டன்
அக்டோபர் 13, 1957

அத்தைக்கு வாண்டா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா? மாமா சுகமா? கோழியெல்லாம் சுகமா?

நான் இரண்டாம் வகுப்பில் இருக்கிறேன். நான் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் மலைக்காரி மாதிரிப் பேசுகிறேனாம். மார்லீன் மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்குப் பல் இல்லை, அதனால் வாயைத் திறக்க மாட்டாள். அவள் என் சிநேகிதி.

செம்மொட்டு மரம் செத்துப்போய்விட்டது. சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாள். நீ கேட்டால் சொல்லலாமா என்று கேட்டேன். அம்மா அழுதாள். நீ போன கடிதத்தில் மரம் எப்படி என்று கேட்டிருந்தாய். கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது என்று நீதானே சொல்வாய். அதனால் எழுதுகிறேன்.

ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கை விட்டபோது இலை மடங்கியது. அப்புறம் பழுப்பு. கார்ல் அப்பா ராத்திரி தண்ணீர் ஊற்றினார். எனக்காக ஊற்றினார். அது அதிகத் தண்ணீர் என்று அம்மா கத்தினாள். அவர் மரத்தடியில் நின்று மரத்தைத் திட்டினார். "மோசமான மரமே" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நான் சிரித்தேன்.

மரம் செத்ததனால் நான் உன்னிடம் வந்துவிட வேண்டுமா? மார்லீன் கேட்கிறாள்.

அம்மாவும் நானும் பொம்மைக்குச் சட்டை தைக்கிறோம். அம்மா இதைப் படிக்கவில்லை. தபால்தலை கார்ல் அப்பா கொடுத்தார்.

முத்தம்.
வாண்டா


பைன் ஓடை
நவம்பர் 10, 1957

தங்கச்சி ஜெனிவாவுக்கு,

எஸ்டில் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதமோ நாலாவதோ. இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

பிள்ளை எழுதியது வந்தது. டெல்ஃபியா அதை ஜன்னலோரம் நின்று படித்தாள், மடித்தாள், கோழிக்குத் தீனி போடப் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கோழி எல்லாம் தின்றுவிட்டுப் போய்விட்டது, இவள் வெறும் கையை வீசிக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் சொன்னாள்: "அது ஒரு அடையாளம் எஸ்டில். மரம் நிக்கலை, பிள்ளையும் நிக்காது. போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

நான் சொன்னேன்: "அடையாளமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அடிவேரு என் மணிக்கட்டு தடிமன், கோடாலியால வெட்டினது நான். பெரிய செம்மொட்டைப் பூவோட பிடுங்கினா பிழைக்காதுன்னு இந்த ஓடையில நண்டுக்கும் தெரியும். சின்னதா எடுக்கலாம்னு உன்கிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றாள். "அவ போய் எறங்கறப்ப வெறும் குச்சியையா பாக்கறது?" என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள். முப்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது ஹோபர்ட் போன அன்றைக்கு, அப்புறம் இது.

இன்னொன்றும் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மரத்தைவிட அவளுக்கு வேறொன்று உறுத்துகிறது. நாலு வருஷம் வளர்த்த பிள்ளையை நீ கூட்டிக்கொண்டு போனாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, எழுத்திலும் இல்லை. "அந்த அட்டைக்காரருக்கு ஒரு மரத்துக்கு ரெண்டு நன்றி வருது, இவளுக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்ணு வரலை பாத்தியா" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே தடவைதான். ஆனால் அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

அவ்வளவுதான் விஷயம். கார்லுக்கு என் வணக்கம். நல்ல மனிதர்.

எஸ்டில்


டேட்டன்
நவம்பர் 20, 1957

என் அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்களை நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்களை நலமில்லாமல் ஆக்கியது நான்தான் என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மரம் பட்டுப்போனதை மறைத்தேன். உங்களுக்குப் பயந்துதான். செத்த மரத்தைப் பார்த்துப் பிள்ளையையும் திருப்பிக் கேட்பீர்கள் என்று பயந்தேன். ஈஸ்டர் வரை என்று எழுதிக் கொடுத்தவள் நான். காலையில் எழுந்ததும் முதலில் ஜன்னல் வழியாக அந்தக் காய்ந்த மரத்தைத்தான் பார்ப்பேன். வெட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

அடுத்தது. நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை.

அண்ணி, நான் மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. வேர் பிடிக்க வேண்டியதற்கு நன்றி சொன்னால் பட்டுப்போகும் என்று எழுதியது நீங்கள். நகரத்துக்கு வந்து அதையெல்லாம் மறந்திருப்பேன் என்றீர்கள். எதை மறந்தாலும் அதை மறக்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் ஏறும்போது நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் பிள்ளை என்னை "நீங்க" என்கிறாள், தட்டைத் தானே கழுவுகிறாள். இந்த நிலையில் அந்த வார்த்தையைச் சொல்லி அவளையும் இழக்க நான் தயாராக இல்லை. கார்ல் அட்டை போட்டார், மரம் போய்விட்டது. அடிவேரை வெட்டியதுதான் காரணம் என்று கார்ல் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் என் பிள்ளையை வைத்து நான் சோதித்துப் பார்க்க முடியுமா?

இப்போதும் சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. ஈஸ்டர் வரட்டும். அவள் நின்றால் சொல்கிறேன். நிற்கவில்லையென்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

ஜெனிவா


பைன் ஓடை
மார்ச் 2, 1958

ஜெனிவாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். எஸ்டிலுக்குக் குளிர்காலம் கஷ்டமாகப் போனது, இப்போது எழுந்து உட்கார்ந்து என்னைக் குறை சொல்கிறார், ஆகவே தேறிவிட்டார். உங்கள் மூவருக்கும் சுகம் வேண்டுகிறேன்.

பதில் போட இத்தனை மாதம் ஆனது கோபத்தால் இல்லை. உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் ரொட்டி கருகியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். தலைக்கு மேல் உயரமான மரத்தை! அதற்கு உன்னை வைதுவிட்டேன், இங்கே நின்றபடியே, ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. ஆனால் மரம் செத்ததற்கு நீ காரணமில்லை, கார்லும் இல்லை. எனக்கு அவசரம். பெற்ற மனம் பித்து என்பார்கள். வளர்த்த மனம் அதற்கு இளைத்ததா?

மற்றதற்கு என்ன சொல்ல? உன்னை நன்றி கெட்டவள் என்று கோடை முழுக்க நினைத்தேன். கோழியிடம்கூடச் சொன்னேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான், அந்தப் பழக்கத்தை உனக்குச் சொன்னதே நான்தானே.

இத்துடன் கன்று ஒன்று வருகிறது. பக்கத்து வீட்டு பர்லுடைய சம்சாரம் மகளைப் பார்க்க டேட்டன் வருகிறாள், மடியில் வைத்துக் கொண்டுவருவாள். முழங்கால் உயரம்தான். இன்னும் அரும்பு விடாமல் தூங்குகிறது, வேர் அறுபடவில்லை, ஈரப்பாசியில் சுற்றியிருக்கிறேன். வந்த அன்றைக்கே நடு. பழைய குழி வேண்டாம், அதில் தண்ணீர் நிற்கிறது. கொஞ்சம் மேடான இடமாகப் பார். வேரும் தண்டும் சேருகிற கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சுற்றிலும் காய்ந்த இலையைப் பரப்பு, தண்டில் படாமல். கார்ல் தம்பியின் புல்வெட்டி அதன் பக்கத்தில் வரக் கூடாது, பட்டை கீறினால் நோய் வரும். அவருடைய புல்லில் வண்டிச் சக்கரம் அளவு வட்டம் எனக்காக விட்டுக்கொடுக்கச் சொல்.

ஈஸ்டருக்கு நான் வருகிறேன். அவளைப் பார்த்துவிட்டுப் போகிறேனா, கூட்டிக்கொண்டு போகிறேனா என்று என் கண்ணால் பார்த்துத்தான் முடிவு. பெட்டியில் அவளுடைய பழைய போர்வைக்கு இடம் விட்டுத்தான் வருவேன். இதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

டெல்ஃபியா


பைன் ஓடை
ஏப்ரல் 13, 1958

அன்புள்ள ஜெனிவாவுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். எஸ்டில் நலம், நான் இல்லாத நாட்களில் பாத்திரம் ஒன்றையும் கழுவவில்லை, அவ்வளவு நலம். கார்ல் தம்பிக்கு என் ஆசி. அவருடைய புளித்த முட்டைக்கோஸை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது மரியாதைக்காக இல்லை, நிஜமாகவே பிடித்திருந்தது. இதை எஸ்டிலிடம் சொல்லவில்லை.

அங்கே வைத்து உன்னிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நேரில் சொல்லியிருந்தால் இருவரும் அழுது, பஸ்ஸைத் தவறவிட்டிருப்பேன்.

ஈஸ்டருக்கு மறுநாள், வாண்டா தெருவில் ஸ்கேட்டிங் செய்துகொண்டிருந்தாள். நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். நீ பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். பிள்ளை விழுந்தாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம். எழுந்து ஓ என்று அழுதுகொண்டு வந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துவிட்டேன், ஜெனிவா. என் மடிக்கும் அவளுக்கும் நாலு எட்டுகூட இல்லை.

என்னைத் தாண்டி ஓடினாள். "அம்மா! ஏ அம்மா! எங்க இருக்கே நீ?" என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். பாவாடை என் கன்னத்தில் பட்டது.

விரித்த கையோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மார்லீன் என்னையே பார்த்தாள். கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் லெக்சிங்டன் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார். லெக்சிங்டன் தாண்டியதும் மலை தெரிந்தது. சரிவெல்லாம் செம்மொட்டு, இலையே இல்லாமல் கிளையோடு ஒட்டிப் பூத்துக் கிடந்தது. அப்போது என் மனம் சமாதானமாகிவிட்டது. நான் தூக்கி வளர்த்தது ஓடி வந்து என் மடியில் விழுவதற்கு மட்டுமா? ஓடுவதற்கு அவளுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே. இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போர்வையை அவளுடைய கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன், கவனித்தாயா? பைபிளில் இருந்த உன் கடிதத்தையும் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

கன்று அரும்பு விட்டிருந்ததைப் பார்த்தேன். முயலுக்குக் கம்பிவலை கட்டியது தம்பியின் யோசனைதானே? நல்ல யோசனை. அது இனி உங்கள் மரம். அதைப் பற்றிக் கடிதத்துக்குக் கடிதம் நான் கேட்க மாட்டேன். பிள்ளையைப் பற்றி நேராகவே கேட்பேன்.

ஜெனிவா, அவள் வேர் பிடித்துவிட்டாள். இனி ஒன்றும் ஆகாது. நீ சொல்ல வேண்டியதை இப்போது சொல்லலாம்.

உன் அண்ணி
டெல்ஃபியா


டேட்டன்
ஏப்ரல் 20, 1958

என் உயிரான அண்ணிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அவள் முழங்கையில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்தேன். கார்ல் வந்து, "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று பதறிவிட்டார். "ஒண்ணும் இல்ல, எங்க அண்ணி எனக்கு அனுமதி குடுத்துட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஓரத்தில் பொன்வண்ணம் பூசிய அட்டையைத் தேடப் போனார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று நிறுத்திவிட்டேன்.

நன்றி, அண்ணி.

அவளுக்குக் கக்குவான் வந்தபோது நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினீர்களே, அதற்கு. உங்கள் குளிர்ச் சட்டையை வெட்டி அவளுக்குத் தைத்துவிட்டு அந்தக் குளிர்காலத்தை அண்ணனின் பழைய சட்டையில் ஓட்டியதற்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹோபர்ட்டின் படத்தைக் காட்டி "உங்க அப்பா" என்று சொன்னதற்கு. அதைவிட, என் படத்தைப் பக்கத்தில் வைத்து "உங்க அம்மா, நல்லவ, உனக்காகத்தான் போயிருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததற்கு. அவள் போன வாரம்தான் இதை என்னிடம் சொன்னாள். நான் ஆலை வேலையில் கிடந்து மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் இருந்தபோது என்னைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லவில்லை. அவள் என்னை நோக்கி ஓடி வந்த பாதையைப் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய நன்றி.

போன ஜூனில் பஸ் நிலையத்தில் அவளுடைய ஒரு கை உங்களிடம், ஒரு கை என்னிடம். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அவள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் விடவில்லை, நீங்களும் விடவில்லை. என்னால் விட முடியாது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி உங்கள் கையை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனீர்கள். அவளும் பஸ்ஸில் ஏறினாள்.

அன்று நீங்கள் தொப்பியே போட்டிருக்கவில்லை, அண்ணி.

உங்கள்
ஜெனிவா